ஓராண்டுச் சந்தாவில் பார்த்த அமெரிக்க ஹெவிவெயிட்

குத்துச்சண்டையின் மிகக் கனமான எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் ஆடும் அமெரிக்க வீரர்களை விடாமல் பார்த்துவர வேண்டும் என்பதற்காகவே 2024 டிசம்பரில் ஒரு குத்துச்சண்டை ஒளிபரப்புச் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். அது 2025 டிசம்பரில் முடிகிறது. கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகள் வேறு செயலிகளிலும் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

நான் நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்ட். பகல் முழுவதும் முழங்கால், இடுப்பு, கணுக்கால் என்றே பொழுது போகிறது. சண்டை பார்க்கும்போதும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். அந்தப் பார்வைக்கு இந்தச் செயலி மிகவும் பொருத்தமாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொத்தானைத் தொட்டால் பத்து நொடி பின்னால் போகிறது. வர்ணனையை நிறுத்திவிட்டுக் களத்தின் ஒலியை மட்டும் கேட்க முடிகிறது. வர்ணனை அடங்கியதும் காலணி தரையில் உரசும் சத்தம் கேட்கிறது. யார் களைத்துவிட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முன்னாள் உலகச் சாம்பியனான அமெரிக்கர் டியோன்டே வைல்டரின் வீழ்ச்சியைச் செயலியின் பழைய சண்டைத் தொகுப்பில் இப்படித்தான் புரிந்துகொண்டேன். 2024 ஜூன் 1, ரியாத், சீனாவின் ஷிலே ஷாங்குடன் நடந்த சண்டையின் ஐந்தாவது சுற்று. அந்தப் பத்து நொடியை இருபது முறையாவது ஓட்டியிருப்பேன். வைல்டர் வலக்கையை வீச முன்னால் வருகிறார். பின்காலின் குதிகால் தரையை விட்டு எழுகிறது, ஆனால் இடுப்பு திரும்பவில்லை. உடல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஷாங்கின் வலக்கைக் குத்து வந்து விழுந்ததும் வைல்டர் அப்படியே பக்கவாட்டில் சுழன்றுவிடுகிறார். முதுகு பாதி திரும்பிய நிலையில் அடுத்த ஹூக், அதாவது வளைவாக வரும் குத்து. எழுந்து நின்றார், ஆனால் நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். ஷாங் அவரைவிடச் சுமார் 30 கிலோ கூடுதல் எடை என்பது உண்மைதான். அதைவிட, இடுப்புக்கும் பின்காலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்பதே எனக்குத் தெரிந்த காரணம். 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவர்னை வென்று டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) பட்டத்தைப் பெற்று, அதைப் பத்து முறை காத்தவர். 2025 வரை அவர் பெற்ற வெற்றிகளில் ஒன்றே ஒன்று தவிர மற்ற எல்லாம் நாக் அவுட். 2025 அக்டோபரில் நாற்பது வயதைத் தொட்டார். 2025 ஜூனில் கான்சாஸ் மாநிலம் விச்சிடாவில் டைரல் ஹெர்ண்டனை ஏழாவது சுற்றில் நிறுத்தி மீண்டும் வென்றார். அந்தச் சண்டையிலும் வலக்கையை வீசத் தயங்குவதைப் பார்த்து மனம் கனத்தது.

என் கணக்கில் இன்றைய அமெரிக்க ஹெவிவெயிட்களில் முதலிடம் ரிச்சர்ட் டோரஸ் ஜூனியருக்கு. கலிபோர்னியாவில் டுலாரே என்ற சிறுநகரத்துக்காரர், பள்ளியில் முதல் மாணவர், தந்தையிடம் பயின்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் வெள்ளி வென்றார். 1988இல் ரிடிக் போவுக்குப் பிறகு அந்த எடைப்பிரிவில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் இத்தாலியின் குயிடோ வியனெல்லோவைப் புள்ளிகளில் வென்றதை அவசியம் பாருங்கள். வியனெல்லோ அவரைவிட நன்றாக உயரம். டோரஸ் இடக்கை வீரர். முழங்காலை மடித்துத் தாழ்ந்து, பின்னாலிருக்கும் இடக்காலை ஸ்பிரிங் போல உந்தி, எதிராளியின் நெஞ்சுக்குள் பாய்கிறார். பத்தாவது சுற்றிலும் அந்த மடிப்பு குறையவில்லை. இவ்வளவு கனமான உடம்பை அத்தனை நேரம் அப்படித் தாங்கும் தொடையை நான் சிகிச்சை மேசையில் பார்த்ததில்லை. குறை என்னவென்றால், பாயும்போது தலை நடுக்கோட்டை விட்டு விலகுவதில்லை. நேரம் பார்த்து அப்பர்கட் (கீழிருந்து மேலாக வரும் குத்து) போடுகிறவரிடம் மாட்டினால் அடி பலமாக விழும்.

இரண்டாமிடம் மிச்சிகன் மாநிலம் சாகினாவைச் சேர்ந்த ஜெர்மெய்ன் ஃபிராங்க்ளின். இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லண்டனுக்கே போய் பிரிட்டிஷ் வீரர்களான டில்லியன் வைட்டிடமும் அந்தோணி ஜோஷுவாவிடமும் புள்ளிகளில் தோற்றவர்தான். ஆனால் பன்னிரண்டு சுற்றும் நின்றார். இரண்டு பேராலும் அவரைச் சாய்க்க முடியவில்லை. 2025 செப்டம்பரில் கனெலோ, கிராஃபோர்டு என்ற இரு நட்சத்திர வீரர்கள் மோதிய அதே இரவில், கஜகஸ்தானின் ஐவன் டிச்கோவைப் புள்ளிகளில் வென்றார். அவரிடம் மின்னும் ஆயுதம் எதுவும் கிடையாது. ஜாப் (முன்னிற்கும் கையால் நேராக விடும் குத்து) இருக்கிறது, சமநிலை இருக்கிறது, சுற்று முடிந்து மூலைக்குப் போகும்போது மூச்சு சீராக இருக்கிறது. இன்றைய நிலைமையில் அதுவே பெரிய சொத்து.

மூன்றாவதாக ஒஹையோ மாநிலம் டொலிடோவின் ஜாரெட் ஆண்டர்சன். கையும் கண்ணும் இவருக்குத்தான் சிறந்தவை. இருந்தும் 2024 ஆகஸ்ட் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மார்ட்டின் பகோலே அவரை முதல் சுற்றிலேயே விழவைத்து, ஐந்தாவதில் முடித்துவிட்டார். ஆண்டர்சனுக்கு அப்போது 24 வயது. திரும்பிவர நேரம் இருக்கிறது என்பதால்தான் இந்த இடம். அதே இரவில் அமெரிக்கர்களான ஆண்டி ரூயிஸும் ஜாரெல் மில்லரும் மோதிச் சமனில் முடித்தார்கள். ரூயிஸை நான்காவதாகவும் வைல்டரை ஐந்தாவதாகவும் வைக்கிறேன். 2019 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோஷுவாவை நான்கு முறை விழவைத்த ரூயிஸின் கை வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறே மாதத்தில் அந்தப் பட்டங்களை இழந்தபோது அவர் 283 பவுண்டு எடையில் வந்ததும் நிற்கிறது. மில்லரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இந்த ஐவரில் யாரையும் உலகின் முதல் ஐந்துக்குள் என்னால் வைக்க முடியவில்லை. அங்கே உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் நிற்கிறார். 2025 ஜூலையில் வெம்பிளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி வெவ்வேறு அமைப்புகள் தரும் எல்லாப் பட்டங்களையும் இரண்டாம் முறையாகத் தன் ஒருவரிடம் சேர்த்தார். அவருக்குப் பின்னால் பிரிட்டனில் மட்டும் எத்தனை பேர். 2007 ஜூனில் அமெரிக்கரான ஷானன் பிரிக்ஸ் பட்டத்தை இழந்ததிலிருந்து வைல்டர் வரும்வரை ஏழரை ஆண்டுகள் அமெரிக்கர் எவரிடமும் முதன்மைப் பட்டம் இல்லை. 2020 பிப்ரவரியில் பிரிட்டனின் டைசன் ஃபியூரியிடம் வைல்டர் தோற்றபின் மறுபடியும் அதே வறட்சி. அந்தக் காலத்தில் முதன்மையாக இருந்த எல்லாப் பட்டங்களும் கடைசியாக ஓர் அமெரிக்கர் கையில் இருந்தது 1992இல், ரிடிக் போவிடம்.

ஆள் இல்லாமலா? என் கிளினிக்குக்கு வரும் பள்ளிப் பையன்களில் ஆறடி நான்கு அங்குலம், 240 பவுண்டு என்று பலர் இருக்கிறார்கள். எல்லோரும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்கள். அங்கே பயிற்சி, உணவு, கல்லூரி உதவித்தொகை எல்லாம் பதினைந்து வயதிலேயே கைக்கு வருகிறது. குத்துச்சண்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அது முடிந்தபின் வருகிறார்கள். ஹெவிவெயிட் வீரர் டொமினிக் பிரேசீல் கல்லூரிக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக்காக (ஆட்டத்தை வழிநடத்துபவராக) இருந்தவர்; ஜெரால்ட் வாஷிங்டன் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். வைல்டர்கூட முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த மகளின் சிகிச்சைக்காக, இருபது வயதையொட்டித்தான் கையுறை மாட்டினார். மூன்றே ஆண்டுகளில் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்றது வியப்பு. ஆனால் சிறுவயதில் படியவேண்டிய கால் அசைவு இருபதில் முழுமையாகப் படியாது. டோரஸை நான் முதலில் வைப்பதற்கு இதுவும் காரணம்: அவர் சிறுவனாக இருந்தபோதே தொடங்கியவர்.

செயலியின் குறைகளுக்கு வருகிறேன். சந்தா கட்டியபின்னும் பெரிய சண்டைகளுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். மூன்று முறை கொடுத்தேன், நான்காவது முறை கொடுக்கவில்லை. எடைப்பிரிவு வாரியாகத் தேட வழியே இல்லை. பெயரைத் தட்டச்சு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய சண்டையின் முகப்புப் படத்திலேயே வென்றவர் கையை உயர்த்தி நிற்கிறார், பார்ப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, நான் யாருக்காகச் சந்தா கட்டினேனோ அந்த டோரஸின் சண்டை இதில் இல்லை. வைல்டர் திரும்பிவந்த இரவும் இல்லை, ஃபிராங்க்ளினின் வெற்றியும் இல்லை. மூன்றுக்கும் வெவ்வேறு தளங்களைத் தேடிப்போனேன். இது இந்த ஒரு செயலியின் தவறல்ல. சண்டைகளை ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு புரமோட்டரும் தன் வீரரை ஒவ்வோர் இடத்தில் கட்டிவைத்திருக்கிறார். அதனால்தான் நல்ல இரண்டு அமெரிக்கர்கள் ஒருவரோடொருவர் மோதுவதே அபூர்வமாகிவிட்டது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அதில் இரண்டு அந்தப் பழைய சண்டைத் தொகுப்புக்கும் களத்து ஒலிக்கும். உலக ஹெவிவெயிட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஓராண்டு கட்டலாம். அமெரிக்கர்களுக்காக மட்டும் என்றால் மாதச் சந்தா போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே நிறுத்திவையுங்கள்; நான் சென்ற வாரம் நிறுத்தினேன், உறுதிசெய்யும் மின்னஞ்சல் வர நான்கு நாள் ஆனது. டோரஸின் அடுத்த சண்டை எந்தத் தளத்தில் என்று அறிவித்ததும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அங்கே கட்டுவேன். பாயும்போது தலையை விலக்கக் கற்றுக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும்.