60 கிரெடிட் எண்டு சொல்லி 185,000 ரூபா வாங்கிப்போட்டினம்: கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளையள் கவனம்

இண்டைக்குத்தான் முடிவாத் தெரிஞ்சுது. தங்கச்சி படிச்ச உயர் டிப்ளோமாவை ஒருத்தரும் எடுக்க மாட்டினம். போனது 185,000 ரூபா. வட்டி அதுக்கு மேல. ஆத்திரத்தில எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா விடுங்கோ.

இடத்தின்ர பேர் போடேல்ல. போட்டா வழக்கு எண்டு வெருட்டுவினம், வழக்குப் பேச என்னட்டக் காசில்லை. ஏ9 வீதிக் கரையில, கடைத்தொகுதி மேல்மாடியில, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட ஒரு தனியார் கல்வி நிலையம். கடன் குடுத்தது அவையே உள்ளுக்குள்ள மேசை போட்டு இருத்தி வைச்சிருந்த ஒரு லீசிங் கொம்பனி. தெரிஞ்சவைக்கு விளங்கும்.

தங்கச்சி ஏ.எல். கலைப்பிரிவு. மூண்டு பாடமும் சித்தி, ஆனா வெட்டுப்புள்ளிக்குக் காணாது. நான் காமன்ற்ஸில நிண்டு உழைக்கிறன், அவளாவது படிச்சு வரட்டும் எண்டு வீட்டில எல்லாருக்கும் ஆசை. அந்த நேரம் பார்த்து விசுவமடுச் சந்தியில நோட்டீஸ் குடுத்தாங்கள். வியாபார முகாமைத்துவ உயர் டிப்ளோமா, ஆறு மாதம், சனி ஞாயிறு வகுப்பு, "60 கிரெடிட்". கிரெடிட் எண்டா எவ்வளவு படிச்சது எண்டதைக் கணக்கிடுற அளவு.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனம். அங்க இருந்த மிஸ் படிப்பைப் பற்றி ஒண்டும் முதல்ல கதைக்கேல்ல. அம்மாவுக்கு தேத்தண்ணி குடுத்து, "மெனிக் பாம் முகாமில எந்த சோனில இருந்தனீங்கள் அம்மா?" எண்டு கேட்டவ. தானும் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்தவவாம், தகப்பன் இல்லையாம், படிப்பு ஒண்டுதான் தன்னைத் தூக்கி விட்டதாம். அம்மா அழுதிட்டா. அம்மா குழுக்கடனில பட்ட பாட்டுக்குப் பிறகு, இனி ஒரு கடன் பேப்பரிலயும் கை வைக்கிறேல்ல எண்டு சொல்லிக்கொண்டிருந்த மனிசி. அந்த ஒரு கதையோட பேனையைக் கையில எடுத்தா. அவ சொன்னது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. உண்மையெண்டா இன்னும் கேவலம்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில எழுதிக் காட்டினவ. 60 சக 30, 90. "இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில உயர் டிப்ளோமா நாலாம் மட்டம், 60 கிரெடிட். சாதாரண டிகிரி ஐஞ்சாம் மட்டம், 90. பிள்ளைக்கு இன்னும் 30தான் வேணும், ஒரே ஒரு வருசம்." 90ஐச் சுத்தி சிவப்புப் பேனையால வட்டம் வேற. அந்தத் தாள் இப்பவும் வீட்டில கிடக்கு.

அதில எழுதின இலக்கம் ஒண்டும் பொய்யில்லை, அதுதான் விசர் வருது. படிப்புகளை மட்டம் மட்டமாப் பிரிச்சு வைச்சிருக்கிற அந்தச் சட்டகத்தில அப்பிடித்தான் இருக்கு. ஆனா அதே சட்டகத்தில ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியாலப் படிப்பு எண்டும் இருக்கு. வகுப்பு, செய்முறை, வீட்டில இருந்து படிக்கிறது, சோதனை எல்லாம் சேர்த்து. முழுநேரமாப் படிச்சா வருசத்துக்கு 30 கிரெடிட். அப்ப 60 எண்டா 3,000 மணித்தியாலம், இரண்டு வருசப் படிப்பு. இவை வைச்சது சனி ஞாயிறு ஐஞ்சைஞ்சு மணித்தியாலம், 26 கிழமை. ஒரு வகுப்பும் தவறாமல் நடந்திருந்தாலும் 260 மணித்தியாலம்தான். மிச்சத்தைத் தங்கச்சி வீட்டில இருந்து படிச்சு 3,000 ஆக்கிறதெண்டா, அந்த ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் 15 மணித்தியாலத்துக்கு மேல படிச்சிருக்க வேணும். நடந்ததோ அதிலயும் பாதி. "சேருக்குச் சுகமில்லை" எண்டு வட்ஸ்அப்பில பிடிஎப் வரும். பரந்தன் வீதியால பஸ் ஏறிப் போன பிள்ளை பூட்டின கதவைப் பார்த்திட்டுத் திரும்பி வந்த நாளும் இருக்கு.

சுவரில பிரேம் போட்டு மாட்டியிருந்த பதிவுப் பத்திரத்தையும் சொல்ல வேணும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில நிறுவனம் பதிவாம். நிறுவனத்தைப் பதியிறது ஒண்டு, ஒவ்வொரு பாடநெறிக்கும் தர அங்கீகாரம் எடுக்கிறது வேற. மருந்துக் கடைக்கு லைசன்ஸ் இருக்கெண்டதுக்காக ராக்கையில இருக்கிற எல்லாக் குளிசையும் நல்லதெண்டு ஆகுமோ? இந்த டிப்ளோமாவுக்கு அந்த அங்கீகாரமும் இல்லை, என்.வி.கியூ. எண்ட தேசிய தொழிற்தகைமை மட்டமும் இல்லை, பின்னால நிண்டு பட்டம் குடுக்கிற பல்கலைக்கழகமும் இல்லை. சேர்ட்டிபிக்கற்றில மட்டும் தங்க எழுத்தில 60.

இண்டைக்கு அந்த சேர்ட்டிபிக்கற்றைக் கொண்டு போய் டிகிரி படிக்கக் கேட்ட இடத்தில, மேசையில இருந்த தம்பி இரண்டு நிமிசத்தில முடிச்சிட்டார். "அக்கா, இதை எங்களால கணக்கில எடுக்கேலாது. வேற இடத்தில எடுத்த கிரெடிட்டை ஏற்கிறதோ விடுறதோ படிக்கப் போற இடம்தான் முடிவெடுக்கும். இதுக்கு அங்கீகாரமே இல்லை, அதுக்கு முதலே நிண்டிடும்." தங்கச்சி ஒண்டும் கதைக்கேல்ல.

இனிக் கடன் கதை. 185,000இல 25,000 நாங்கள் கையில கட்டினது. மிச்சம் 160,000ஐ லீசிங் கொம்பனி நேரா நிலையத்தின்ர கணக்குக்கே அனுப்பிட்டுது, எங்கட கண்ணில ஒரு தாள் காசும் படேல்ல. மாதம் 9,200 படி 24 மாதம். கூட்டிப் பாருங்கோ, 220,800. ஆறு மாதப் படிப்புக்கு இரண்டு வருசக் கடன்! ஒப்பந்தம் முழுக்க இங்கிலீசு. கொப்பி கேட்டதுக்கு "கொழும்பில சீல் அடிச்சு வரும்" எண்டவை, இண்டை வரைக்கும் வரேல்ல. பிணைக்கு அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும்.

அங்கீகாரக் கடிதத்தைத் தாங்கோ எண்டு நாங்கள் கேக்கத் துவங்கினது படிப்பு முடிய முதலே. "மிஸ் மீற்றிங்கில." "சிஸ்டத்தில இன்னும் ஏறேல்ல." "ஹெட் ஒபிஸில கதையுங்கோ." ஹெட் ஒபிஸுக்கு எடுத்தா சிங்களத்தில ஒரு பிள்ளை "கிளிநொச்சிப் பிராஞ்ச்சில கேளுங்கோ" எண்டு வைக்கும். வட்ஸ்அப் குறூப்பில தங்கச்சி கேட்டவுடன அவளைத் தூக்கிட்டினம். பிறகு நேர போய் நிண்டா, தேத்தண்ணி தந்த அதே மிஸ், "நாங்கள் டிகிரிக்கு வழிகாட்டுறம் எண்டுதான் சொன்னனாங்கள், உத்தரவாதம் தரேல்ல" எண்டு முகத்துக்கு நேர சொன்னவ. சிவப்பு வட்டத்தைக் காட்டினன். "அது என்ர கையெழுத்தோ?" எண்டு கேட்டவ.

லீசிங் கொம்பனி அதிலும் மேல. "காசை நாங்கள் குடுத்திட்டம். படிப்புச் சரியோ பிழையோ எங்களுக்குச் சம்பந்தமில்லை." பாடம் எடுக்கிற மேசைக்குப் பக்கத்திலயே மேசை போட்டிருக்கேக்க சம்பந்தம் இருந்தது. ஒரு முடிவு சொல்லட்டும் எண்டு தவணையை நிப்பாட்டினம். வீட்டு வாசலுக்கு ஆள் வந்தது, அயலுக்குக் கேக்கக் கத்தினது. அதோட நிக்கேல்ல. மாமி லாண்ட்மாஸ்ரர் ஒண்டுக்குக் கடன் கேட்டுப் போக, ஆரார் கடன் கட்டேல்ல எண்டு காட்டுற கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில பிணை நிண்ட கடன் நிலுவை எண்டு காட்டித் திருப்பி அனுப்பிட்டினம். ஒரு சதம் எடுக்காத மனிசி. காலபோகத்துக்கு வயல் உழ அவவுக்கு இப்ப வழியில்லை. எங்கட வீட்டுப் படலைத் திறந்து வாறதையும் விட்டிட்டா.

2018இல வறட்சி மாவட்டங்களில பெண்கள் கட்டேலாமல் நிண்ட, ஒரு லட்சம் வரைக்குமான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ததால, இதுக்கும் ஏதாவது வரும் எண்டு சிலர் சொல்லுகினம். நம்பிக்கொண்டிருக்காதேங்கோ, இது வேற பேரில எழுதின கடன்.

என்ன செய்யலாம் எண்டு விபரமா எழுதத்தான் இருந்தனான், இப்ப ஏலாது, சிப்டுக்குப் போக வேணும். கெதியாச் சொல்லுறன். நிறுவனப் பதிவைக் காட்டினா, "இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் எங்க?" எண்டு கேளுங்கோ, ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில நீங்களே தேடுங்கோ. கிரெடிட் எண்டு சொன்னா 50ஆல பெருக்குங்கோ. எந்தப் பல்கலைக்கழகம் எடுக்கும் எண்டு எழுத்தில வாங்கி, அங்கயே போய்க் கேட்டிட்டுக் காசைக் கட்டுங்கோ. கடனும் படிப்பும் ஒரே அறையில தந்தா எழும்பி வாங்கோ. கொப்பி தராத பேப்பரில கையெழுத்து வேண்டாம், பிணைக்கு அயலைக் கூப்பிட வேண்டாம். கடன் கொம்பனி கரைச்சல் எண்டா மத்திய வங்கியின்ர நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 அடிக்கலாம், நான் நாளைக்கு அடிக்கிறன். சேர முதல் அறிவியல் நகரில இருக்கிற ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும், உங்கட பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ, அங்க என்.வி.கியூ. தருவினம்.

அடுத்த பட்சுக்கு ஆள் சேர்க்கினம். தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் இப்ப நோட்டீஸ் போகுதாம், கட்டணம் இந்த முறையும் 185,000. அந்தப் பக்கம் ஏ.எல். எடுத்த பிள்ளையள் இருக்கிற குறூப்புகளில இதைப் போட்டுவிடுங்கோ.