ஆடாதோடைப் பொடி என்று விற்கிறார்கள், இளைப்பு உள்ளவர்கள் கவனம்

தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் சந்தையிலும் ரோட்டோரத்திலும் "இளைப்புக்கு ஆடாதோடைப் பொடி" என்று டப்பாவில் விற்கிறார்கள். அதை வாங்கிச் சாப்பிட்டு, ஒரே நாளில் மூச்சிரைப்பு நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுபவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். முதலில் ஒன்று: பதறிப்போய் பொடியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கே டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

என் சித்திக்குப் பல வருஷமாக வீசிங். மார்கழிப் பனி இறங்கினால் ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்குவார். இன்ஹேலர் என்றால் பயம், "பழகிடுமாமே" என்பார். சித்தேரி மலையில் பறித்த பச்சிலை, பக்கவிளைவே கிடையாது என்று சொல்லி, ஒரு கடைக்காரர் சித்தப்பாவிடம் டப்பா 900 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார். பில் கேட்டதற்கு, "மூலிகைக்கு எதுக்குங்க பில்லு?" என்றாராம். டப்பாவின் மேல் ஒரு சாமி படமும் செல் நம்பரும் மட்டும்தான்.

அன்று ராத்திரியே சித்தி படுத்துத் தூங்கினார். அதுதான் எல்லோரையும் நம்பவைத்தது. பிறகு நல்ல பசி எடுத்தது. "சதை போட்டு நல்லா தேறிட்டீங்க" என்று தெருவே சொன்னது. ஆனால் சதை போட்டது முகத்தில் மட்டும். கன்னம் உப்பி, கண் சிறுத்துப்போய், கை கால் அப்படியே குச்சியாக இருந்தது. அதுவரை சர்க்கரையே இல்லாதவருக்குச் சர்க்கரை ஏறியது. பொங்கலுக்குக் கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார், பொடியும் தீர்ந்தது. சில நாளில் ஓயாத வாந்தி. எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். பிரஷர் இறங்கி, தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்டது: "ஏதாச்சும் பொடி, லேகியம் சாப்பிட்டீங்களாம்மா?"

காலையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால், அதாவது உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு, மிகவும் குறைவு. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை அரைத்து இந்த மாதிரி பொடிகளில் கலப்பதுண்டு என்றார் டாக்டர். ஸ்டீராய்டு தினமும் வெளியிலிருந்து வந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். வருவது திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து. இப்போது சித்திக்கு ஸ்டீராய்டு மாத்திரையை அளவோடு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். பாவம், அவர் பயந்த இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தாலும் அது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேராக நுரையீரலுக்குப் போவது. டப்பாவில் எவ்வளவு இருந்தது என்று கலந்தவனுக்கே தெரிந்திருக்காது.

ஆடாதோடையின் பேரைச் சொல்லி இதைச் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நம்ம பக்கம் வேலியோரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கிற செடி. கபசுரக் குடிநீரில் சேர்கிற சரக்குகளில் இதுவும் ஒன்று. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாக வைத்துத்தான், இருமல் டானிக்கில் வரும் புரோம்ஹெக்சினையே உருவாக்கினார்கள். சளியை இளக்கி வெளியே கொண்டுவரும், ஆனால் பல வருஷத்து வீசிங்கை ஒரே ராத்திரியில் அமர்த்தாது. அப்படி அமர்த்தினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். நல்ல இலைப்பொடி நாக்கில் பட்டால் கசப்பு லேசில் போகாது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை நான் துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுக்கு, திப்பிலிக் காரமும் இனிப்பும்தான், கசப்பே தெரியவில்லை. ஆனால் ருசியை வைத்து ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்க முடியாது, லேபில்தான் முடியும்.

இன்னொன்று, அசல் ஆடாதோடையே ஆனாலும் கர்ப்பிணிகள் தாங்களாக எடுக்கக்கூடாது. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை அதற்கு உண்டு.

சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்குப் போங்கள். ஆடாதோடை மணப்பாகு அங்கே காசில்லாமல் கொடுக்கிறார்கள். வெளியில் வாங்கினால் லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி, சேர்ந்த சரக்குகள் எல்லாம் இருக்கவேண்டும். ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் டப்பாவைத் தூக்கிப் போடாமல், மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நாங்கள் டப்பாவோடு கொடுத்துவிட்டோம். அந்த செல் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். ஆள் வேறு சந்தையில் கடை போட்டிருக்கலாம். சிவப்பு மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பழுப்பு நிறப் பொடி.