ஸ்ரீரங்கப்பட்டணமா, தலக்காடா? அம்மாவோடு போய்ப் பார்த்ததில்

காலையில் பெங்களூர் அல்சூரிலிருந்து காரை எடுத்தால் காவிரிக்கரையில் ஒரு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு. அதற்குத் தோதாக இருப்பவை இந்த இரண்டு ஊர்கள். பிப்ரவரியில் தலக்காடு, மூன்று வாரம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணம் என்று இரண்டுக்கும் போய்வந்தோம். எழுபத்தொரு வயது அம்மா இரண்டு தடவையும் கூட வந்தார். என் ஓட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் 125-லிருந்து 135 கிலோமீட்டருக்குள்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ்வே வேகம், ஆனால் அது பிடதியையும் மத்தூரையும் ஊருக்கு வெளியிலேயே தாண்டிப் போய்விடுவதால் தட்டு இட்லியோ மத்தூர் வடையோ வேண்டுமென்றால் மறக்காமல் சர்வீஸ் ரோட்டில் இறங்கவேண்டும். பைக்கில் போகிறவர்களுக்கு அந்தப் பிரதான சாலையில் அனுமதியே கிடையாது. தலக்காட்டுக்குக் கனகபுரா, மளவள்ளி வழி. மெதுவாகத்தான் போகும், சரி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்தான்: காரை விட்டு இறங்கியபின் எவ்வளவு நடக்கவேண்டும், எதன் மேல் நடக்கவேண்டும்.

தலக்காடு கங்கர்களின் தலைநகராக இருந்த ஊர். சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள், அப்புறம் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதைப் பிடித்துக் கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினான். இன்று அந்தப் பழைய ஊர் மணலுக்குள் இருக்கிறது. வைத்தியேஸ்வரர் கோயிலில் செருப்பை விட்டுவிட்டுப் பாதாளேஸ்வரர், மரளேஸ்வரர் என்று சுற்றினோம். மணல்மேட்டில் ஏறி, பள்ளத்துக்குள் படி இறங்கி, மறுபடி ஏறவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. சில இடங்களில் கூரை இருந்தாலும் பதினொரு மணிக்கெல்லாம் மற்ற இடங்களில் மணல் சுட ஆரம்பித்துவிட்டது. பாதாளேஸ்வரர் படிகளில் ஏறிவந்த அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, எனக்கு இது போதும்." கீர்த்திநாராயணரை அவர் பார்க்கவில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன், இன்னும் உறுத்துகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு தீவு. நாங்கள் பார்க்க நினைத்தவை எல்லாம் சில கிலோமீட்டருக்குள், கார் ஒவ்வொன்றின் வாசல் பக்கம் வரை போகிறது. ரங்கநாதர் கோயில், எதிர்ப்பக்கம் கோட்டை மிச்சங்கள், ஜும்மா மசூதி, திப்புவின் உடல் கிடைத்த இடம், அவர் சமாதியான கும்பஸ், காவிரிக் கிளைகள் ஒன்றுசேரும் சங்கமம். நடக்கவேண்டியிருக்கிறது, ஆனால் சமதரையில். காவிரிக்கரை ரங்கநாதர்களில் இங்கே படுத்திருப்பவர் ஆதிரங்கர், அதாவது முதல் ரங்கர்; நம் ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் அந்திய ரங்கர், கடைசி ரங்கர். அம்மா சன்னிதியில் அவசரமில்லாமல் நின்று சேவித்தார்.

ஆனால் அன்றைக்கு எங்களை அதிக நேரம் நிறுத்திவைத்தது தரியா தௌலத் பாக். 1784-இல் திப்பு கட்டிய கோடைமாளிகை. மேற்குச் சுவரில் 1780-இல் நடந்த போர் ஒன்றை வரைந்திருக்கிறார்கள், புள்ளலூர்ப் போர். காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்தான்! ஹைதரும் திப்புவும் யானை, குதிரைப் படையோடு சூழ்ந்துகொள்ள, நடுவில் ஆங்கிலேயர் சிவப்புச் சட்டையில் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பல்லக்கில் உட்கார்ந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் பேய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். என் பையன் அந்த விரலைக் கண்டுபிடித்துப் பாட்டிக்குக் காட்டினான். வெயில் படாமல் திரை தொங்கவிட்டிருப்பதால் உள்ளே மங்கலாக இருக்கும், கண் பழகும்வரை கொஞ்சம் நில்லுங்கள்.

இரண்டு ஊரையும் சேர்த்துக் கட்டும் கதை ஒன்றும் உண்டு. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா நகைகளோடு தலக்காட்டுப் பக்கம் போய்விட, அவற்றைக் கேட்டு ஆட்கள் துரத்தினார்கள். தலக்காடு மணலாகட்டும், பக்கத்து ஊரான மாலங்கி மடுவாகட்டும், மைசூர் மன்னருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு அவள் காவிரியில் குதித்தாள் என்பார்கள். அந்த மணலில் உட்கார்ந்தே அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒரு பொம்பளய நகைக்காக அந்த அளவுக்கா துரத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

ஆறு என்று பார்த்தால் தலக்காடுதான் அழகு. அகலமான மணல்கரை, பரிசல், காலை நனைக்கத் தோதான விளிம்பு. ஆனால் ஆழமில்லாதது போலத் தெரிகிற அந்தத் தண்ணீரில் பள்ளங்கள் உண்டு, உயிர்கள் போயிருக்கின்றன, குழந்தைகளைக் கணுக்காலுக்கு மேல் இறங்கவிடாதீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சங்கமத்தில் படித்துறையோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

நான் தலக்காட்டுக்குப் போனது ஒரே முறை, அதுவும் வெயில் நாளில். மழைக்குப் பிறகு மணல் இறுகி நடக்கச் சுலபமாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருந்தால் தாராளமாகப் போங்கள், 1258-ஆம் ஆண்டின் சோமநாதபுரம் கேசவர் கோயிலையும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு மணிக்குள் மணலில் இறங்கிவிடுங்கள், பெரியவர்கள் இருந்தால் தடிமனான சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் கீர்த்திநாராயணரைப் பாருங்கள்.