ஐவரில் வெள்ளை மாளிகைக்கு உரியவர் யார்? 2008 ஜனநாயகக் கட்சிப் போட்டி குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

2007-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தேர்தல் விளம்பரம் ஓடியது. வேலைக்கான நேர்காணல் நடக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், எதிரே அமர்ந்திருப்பவரின் பயோடேட்டாவைப் படித்துக்கொண்டே போகிறார்: பல ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், ஐ.நா.வுக்கான தூதர், எரிசக்தித் துறை அமைச்சர், நியூ மெக்சிகோ மாநில ஆளுநர். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, அதிபராவதற்கு உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கிறார். எதிரே அமர்ந்திருந்தவர் பில் ரிச்சர்ட்சன். விளம்பரத்தில் அது நகைச்சுவை. ஆனால் 2008 ஜனவரி 3 அன்று, கட்சி வேட்பாளர் தேர்வின் முதல் சுற்றில், அயோவா மாநில ஜனநாயகக் கட்சியினர் அதே கேள்வியைச் சிரிக்காமலேயே கேட்டு, அவருக்கு 2 சதவீத அளவிலான ஆதரவை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்க அரசியல் சட்டம் அதிபர் பதவிக்குக் கேட்கும் தகுதிகள் மிகக் குறைவு: 35 வயது, பிறப்பால் குடியுரிமை, 14 ஆண்டுகள் நாட்டில் வசித்திருத்தல். மற்ற தகுதிகளை எடைபோடும் வேலை நீண்ட காலம் கட்சித் தலைவர்களின் கையில் இருந்தது. 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு) போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானதும், அதையொட்டி எழுந்த கொந்தளிப்பும்தான் அந்த வேலையைச் சாதாரண வாக்காளரிடம் கொண்டுவந்து சேர்த்தன. வாக்காளருக்கு எந்த அளவுகோலை வைத்து அளப்பது என்பதைச் சொல்லித்தர ஆளில்லை. ஒரே கட்சிக்காரர்களிடையே கொள்கை வேறுபாடு மெல்லியதாகவே இருக்கும் என்பதால், பிரைமரியில் ஆளைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. 2008-இல் களத்தில் நின்றவர்களுள் பராக் ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், ஜான் எட்வர்ட்ஸ், ஜோ பைடன், பில் ரிச்சர்ட்சன் ஆகிய ஐவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி. பின்னால் நடந்தவை நமக்குத் தெரியும் என்பதால், அன்று எந்த அளவுகோல் உதவியது, எது ஏமாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அனுபவம் என்ற அளவுகோலை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதன்படி ரிச்சர்ட்சனும் பைடனும் முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள். பைடன் 1973 முதல் செனட்டில் இருந்தவர். போட்டி நடந்த காலத்தில் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவரும் அவரே. எட்வர்ட்ஸ் செனட்டில் ஒரே ஒரு முழுப் பதவிக்காலம் இருந்தார். 2004-இல் துணை அதிபர் வேட்பாளர். கிளிண்டன் 2001 முதல் செனட்டர். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் வெள்ளை மாளிகையில் அதிபரின் மனைவியாக இருந்ததை அனுபவமாகக் கணக்கில் வைப்பதா என்பதே அன்று பெரிய விவாதம். ஒபாமா இல்லினாய் மாநில சட்டமன்றத்தில் எட்டு ஆண்டுகளும், வாஷிங்டனில் இரண்டு ஆண்டுகளும் இருந்துவிட்டுக் களமிறங்கியவர். பயோடேட்டாவை மட்டும் பார்த்தால் அவருக்குக் கடைசி இடம்தான்.

இந்த அளவுகோலை நான் அதிகம் நம்புவதில்லை. பிரதிநிதிகள் சபை, செனட், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர் பணி, வெளியுறவு அமைச்சர் பதவி என்று அனைத்தையும் பார்த்துவிட்டு வந்த ஜேம்ஸ் புக்கானன், நாடு உடைந்துகொண்டிருந்தபோது கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிரதிநிதிகள் சபையில் இரண்டே ஆண்டுகள் இருந்து, செனட் போட்டியிலும் தோற்றுப்போன ஆபிரகாம் லிங்கன்தான் அவருக்குப் பின் வந்து அந்த நாட்டைக் காப்பாற்றினார். இருந்தாலும் அனுபவத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. அயோவாவில் 1 சதவீத ஆதரவுகூட இல்லாமல் அன்றிரவே விலகிய பைடன், அதே அயோவாவில் 2020-இலும் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, தென் கரோலினாவில் எழுந்து, இறுதியில் அதிபரானார். பெருந்தொற்று ஆண்டில் வாக்காளர் தேடியது பழகிய கையை. அதே மனிதர் 2024-இல் பலமான போட்டியாளர் எவரும் இல்லாமல் பிரைமரிகளை வென்று, ஜூன் 27 விவாதத்தில் தடுமாறி, ஜூலை 21 அன்று போட்டியிலிருந்தே விலகினார். ஒருவரின் தகுதி எந்த ஆண்டில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். போட்டியே இல்லாத பிரைமரி எதையும் அளப்பதில்லை.

அனுபவத்தைவிட நல்ல சான்று, அந்த அனுபவத்தைக்கொண்டு ஒருவர் எடுத்த முடிவு. 2002 அக்டோபரில் ஈராக் மீது படையெடுக்க அதிகாரம் அளிக்கும் தீர்மானம் செனட்டில் 77-23 என்ற கணக்கில் நிறைவேறியது. கிளிண்டன், எட்வர்ட்ஸ், பைடன் ஆகிய மூவரும் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 2 அன்று, மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒபாமா சிகாகோவில் போர் எதிர்ப்புக் கூட்டமொன்றில் பேசினார். போரில் வென்றாலும் எவ்வளவு காலம் நீடிக்கும், எவ்வளவு செலவாகும், என்ன விளைவில் முடியும் என்று தெரியாத ஓர் ஆக்கிரமிப்பில் நாடு சிக்கிக்கொள்ளும் என்றார். கிளிண்டன் தரப்பு இதற்குச் சொன்ன பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை: இடதுசாரிச் சாய்வுள்ள தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு அப்படிப் பேசுவதால் இழப்பு ஏதுமில்லை, செனட்டில் பெயர் சொல்லி வாக்களிப்பவருக்கு இருக்கும் சுமை வேறு. எனினும் நான் இங்கே பார்ப்பது துணிச்சலை அல்ல, கணிப்பை. அந்த உரையில் சொன்னவை ஏறக்குறைய வரிக்கு வரி பலித்தன. மறுபக்கம், வாக்களிக்கும் முன் செனட்டர்களின் பார்வைக்கு வைக்கப்பட்ட சுமார் 90 பக்க உளவு மதிப்பீட்டை முழுமையாகப் படித்தீர்களா என்று கிளிண்டனிடம் கேட்டபோது, அதுபற்றித் தமக்கு விளக்கப்பட்டது என்பதே அவர் அளித்த பதில். கோப்பைப் படிப்பதில் பேர்பெற்ற ஒருவர், படித்தே ஆகவேண்டிய கோப்பு விஷயத்தில் சொன்ன இந்தப் பதில் எனக்கு அன்றும் உறுத்தியது.

தவறை ஒப்புக்கொள்ளும் விதமும் ஓர் அளவுகோல்தான். எட்வர்ட்ஸ் 2005-லேயே, தாம் வாக்களித்தது தவறு என்று செய்தித்தாளில் கட்டுரை எழுதினார். கிளிண்டன் 2008 பிரசாரம் முழுக்க அந்தச் சொல்லைத் தவிர்த்தார். 2014-இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில்தான் தவறாக முடிவெடுத்ததாக வெளிப்படையாக எழுதினார். இந்த ஓர் அளவுகோலை மட்டும் வைத்திருந்தால் எட்வர்ட்ஸுக்கே முதல் மதிப்பெண் போட்டிருப்போம். அது எங்கே போய் முடிந்திருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிரைமரி வெளிச்சம் போட்டுக் காட்டும் பண்புகளில் மிகவும் பயனுள்ளது, பேச்சோ விவாதமோ அல்ல. வேட்பாளர் தம் பிரசாரத்தையே ஒரு நிறுவனமாக எப்படி நடத்துகிறார் என்பதுதான். பல நூறு ஊழியர்கள், கோடிக்கணக்கான டாலர், தினமும் வெடிக்கும் சிக்கல், ஆலோசகர்களின் அடிதடி: வெள்ளை மாளிகைக்கு இதைவிட நெருக்கமான ஒத்திகை கிடையாது. கிளிண்டனின் குழு, 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த பிப்ரவரி 5 அன்றே போட்டி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தது. முடியவில்லை. மறுநாள், தம் சொந்தப் பணத்திலிருந்து 50 லட்சம் டாலரைப் பிரசாரத்துக்குக் கடனாகக் கொடுத்திருப்பதை அவர் வெளியிட நேர்ந்தது. சில நாட்களில் பிரசார மேலாளர் மாற்றப்பட்டார். ஏப்ரலில் தலைமை வியூக வகுப்பாளர் மார்க் பென், கிளிண்டன் எதிர்த்துவந்த ஒரு வர்த்தக ஒப்பந்தம் தொடர்பாகக் கொலம்பியத் தூதரைச் சந்தித்த விவகாரத்தில் பொறுப்பிலிருந்து இறங்கினார். ஒபாமா பக்கம் டேவிட் புளஃப் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மேலாளராக இருந்தார்.

அதைவிட முக்கியம், விதிமுறையைப் படித்திருந்தது யார் என்பது. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் வரும் பிரதிநிதிகள். ஜனநாயகக் கட்சியில், மாநிலத்தில் வென்றவருக்கே அதன் எல்லாப் பிரதிநிதிகளும் என்பது கிடையாது. வாக்கு விகிதப்படி பங்கு பிரியும். பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியில் கிளிண்டன் வென்று 59 பிரதிநிதிகளைப் பெற்றார், ஒபாமாவுக்கு 48, லாபம் 11. அதே நாளில், குடியரசுக் கட்சியின் கோட்டை என்று எவரும் எட்டிப்பார்க்காத ஐடஹோவில் காக்கஸ் கூட்டங்களுக்கு (கட்சியினர் நேரில் கூடி ஆதரவைத் தெரிவிக்கும் கூட்டங்கள்) ஆள் திரட்டிய ஒபாமாவுக்கு 15, கிளிண்டனுக்கு 3, லாபம் 12. பெரிய மாநிலத்தில் பணத்தைக் கொட்டிப் பெற்ற வெற்றியைச் சின்ன மாநிலம் ஒன்று தின்றுவிட்டது. அந்த மாதத்தில் அதன் பிறகு நடந்த எல்லாப் போட்டிகளிலும் ஒபாமாவே வென்றார். இருவருக்கும் நாடு முழுவதும் கிடைத்தவை தலா ஏறக்குறைய 1.8 கோடி வாக்குகள்தான். வித்தியாசம் மக்கள் ஆதரவில் இருந்ததைவிடத் திட்டமிடலில் இருந்தது.

நெருக்கடி வந்தபோது இருவரும் நடந்துகொண்ட விதமும் பார்க்கத்தக்கது. குழந்தைகள் உறங்கும் அதிகாலை 3 மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி மணி அடிக்கிறது, எடுப்பது யாராக இருக்க வேண்டும் என்று கேட்கும் விளம்பரத்தைக் கிளிண்டன் வெளியிட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதையடுத்த மார்ச்சில், 1996-இல் போஸ்னியாவின் துஸ்லாவில் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே இறங்கித் தலையைக் குனிந்து ஓடியதாக அவர் சொல்ல, பழைய காணொளியில் ஒரு சிறுமி அவரை நிதானமாக வரவேற்கும் காட்சி வெளிவந்தது. தவறாகச் சொல்லிவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒபாமாவுக்கு அந்த மாதம் வந்த சோதனை, அமெரிக்காவைக் கடுமையாகச் சாடிய அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட்டின் பிரசங்கங்கள். மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் இனப் பிரச்சினையைச் சுற்றிவளைக்காமல் பேசிய உரை அவரைக் காத்தது. அதே உரையில் அந்தப் பாதிரியாரைக் கைவிட முடியாது என்று சொன்னவர், ஏப்ரல் முடிவதற்குள் கைவிட்டார் என்பதையும், பொதுத் தேர்தலில் அரசு தரும் நிதியை ஏற்று அதன் செலவு வரம்புக்குள் நிற்பது குறித்துத் தாம் முன்பு சொன்னதை ஜூனில் மாற்றிக்கொண்டார் என்பதையும் அவருடைய ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

மிகவும் ஏமாற்றிய அளவுகோல், வாக்குறுதி. எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாய விதி இல்லாமல் திட்டம் நிற்காது என்றார் கிளிண்டன். 1994-இல் இதே துறையில் கையைச் சுட்டுக்கொண்டவர் என்பதால் அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. வயதுவந்தோருக்கு அந்தக் கட்டாயம் கூடாது என்று சொல்லி ஒபாமா பல மேடைகளில் கைதட்டல் வாங்கினார். 2010 மார்ச் 23 அன்று அவர் கையெழுத்திட்ட சட்டத்தில் அந்தக் கட்டாய விதி இருந்தது. வாதத்தில் கிளிண்டன் சரி. தாம் சொன்னதை விட்டுக்கொடுத்துச் சரியானதை ஏற்றுக்கொண்டதில் ஒபாமா சரி. அதிபர் பதவிக்கு எனக்கு இரண்டாவது பண்புதான் அதிகம் தேவையாகப் படுகிறது.

ஆகவே என் வரிசை இது: ஒபாமா முதலில், கிளிண்டன் மிக நெருக்கமாக இரண்டாவது, பைடன் மூன்றாவது, ரிச்சர்ட்சன் அதற்குப் பின்னால். எட்வர்ட்ஸை அன்று நான் மூன்றாவது இடத்தில் வைத்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அயோவாவில் கிளிண்டனையே பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம் பிடித்தவர், வறுமையைப் பற்றி மற்றவர்களைவிட அழுத்தமாகப் பேசியவர், தவறை முதலில் ஒப்புக்கொண்டவர். 2008 ஆகஸ்டில், திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு இருந்ததை, பல மாதங்கள் மறுத்துவந்த பிறகு, ஒப்புக்கொண்டார். இது வெளிவரும் முன் அவரே வேட்பாளராகியிருந்தால் கட்சியின் கதி என்னவாகியிருக்கும்? ஓராண்டு கால விவாதங்களும் கேள்விகளும் அதை வெளிக்கொண்டுவரவில்லை.

அந்த ஆண்டு இறுதிக்குள் பைடன் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். தம்மை விவரம் தெரியாதவர் என்று மேடையில் சாடிய கிளிண்டனை ஒபாமா டிசம்பர் 1 அன்று வெளியுறவு அமைச்சராக அறிவித்தார். இரண்டு நாட்கள் கழித்து ரிச்சர்ட்சனை வணிகத் துறைக்கு அறிவித்தார். ரிச்சர்ட்சன், மாநில ஒப்பந்தங்கள் பற்றிய விசாரணை ஒன்றின் காரணமாக, ஜனவரியில் தாமாகவே விலகிக்கொண்டார். அவர்மீது வழக்கு ஏதும் பதிவாகவில்லை. எட்வர்ட்ஸுக்கு அழைப்பே வரவில்லை.