பாலக்காட்டில் போனும் பர்ஸும் போனால்: கோவைக்கு ஓடுவதா, இங்கேயே முடிப்பதா?

வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் வீடு; அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு நம்பர், அந்தப் பக்கத்து வங்கிக் கணக்கு. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு நிலைமை இதுதான். போனும் பர்ஸும் ஒன்றாகத் திருடு போனால் துபாய் போன்ற வெளிநாட்டில் அப்படித் தவிக்கிறவருக்கு வரும் சிக்கலில் பாதி நமக்கும் வரும். நமக்கு இருக்கும் ஒரே அனுகூலம், பஸ் ஏறினால் கோவை. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என்னைக் கேட்டால் சிம்முக்காகக் கோவை போகலாம், மற்றதற்கெல்லாம் வேண்டாம்.

கார்டை முடக்குவதில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி வங்கிக்குப் பேசி, கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். தட்டினாலே பணம் போகும் கார்டில் பின் இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

சிம்முக்கு வருவோம். மாற்று சிம் வாங்கிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. திருடன் உங்கள் பெயரில் சிம் வாங்கி ஓடிபி பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. போனைப் பறிகொடுத்தவருக்கும் அதே காத்திருப்புதான். எஸ்எம்எஸ் இல்லாமல் புதுப் போனில் யுபிஐயும் இல்லை, அடையாள ஆவணங்களைப் போனில் காட்டும் டிஜிலாக்கரும் இல்லை. ஆகவே சிம் கைக்கு வரும் நேரத்தைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் நகரும். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகலை உட்கார்ந்து கழித்துவிட்டு மறுநாள் சிம் கடைக்குப் போகிறவர் ஒரு முழு நாளை வீணாக்குகிறார்.

சரி, எந்தக் கடை? ஒரே கம்பெனி என்றாலும் கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். பாலக்காட்டுக் கடையில் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்று சிம் தருவார்களா என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். "கடையில் போய்ப் பாருங்கள் சார்" என்று இழுத்தால் கோவை பஸ்ஸைப் பிடியுங்கள். கிளம்புமுன் இன்னொன்று: அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது? நம்மில் பாதிப் பேர் காலேஜ் நாளில் அப்பா பெயரில் வாங்கியதையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படியென்றால் அப்பாவும் கடைக்கு வந்தாக வேண்டும்.

போலீஸ் விஷயத்தில் நான் இந்தப் பக்கம்தான். பஸ்ஸில் போன பொருள் வாளையாருக்கு எந்தப் பக்கம் போனது என்று யாருக்குத் தெரியும்? "அது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பிற்பாடு விசாரிக்கக் கூப்பிட்டால் பக்கத்து ஸ்டேஷன்தான் வசதி. பாலக்காட்டு எல்லைப் பக்கத்து ஸ்டேஷன்களில் தமிழில் பேசிச் சமாளித்துவிடலாம். ஒரே சங்கடம், எஃப்ஐஆர் மலையாளத்தில் இருக்கும். கோவை வங்கியில் அதை நீட்டினால் மேலும் கீழும் பார்ப்பார்கள். புகாரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் ஒன்றைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

"காணாமல் போனது என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்பார்கள். அடையாள அட்டை நகல் வாங்க மட்டும் என்றால் அது போதும். போனுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருட்டுக்கு இழப்பீடு தருகிறவர்கள் எஃப்ஐஆர்தான் கேட்பார்கள்.

இனி அந்த ஒரு நாள் செலவுக்குக் காசு. தம்பிக்கு போன் போட்டு, தெரிந்த மளிகைக் கடையின் க்யூஆர் படத்தை அனுப்பி, அவன் கட்டியதும் கடைக்காரரிடம் நோட்டாக வாங்குவது ஒரு வழி. பழக்கமான கடை என்றால் இதைவிட வேகமானது இல்லை. தெரியாத கடைக்காரர்கள் தயங்குவார்கள்; மோசடிப் பணம் வந்து கணக்கு முடங்கிய கதைகளை அவர்களும் கேட்டிருப்பார்கள், தப்புச் சொல்ல முடியாது. இரண்டாவது, தபால் ஆபீஸ். ஆதார் எண்ணும் விரல் ரேகையும் போதும், எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கலாம். கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். கார்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம் என்பதால் என் ஓட்டு இதற்கே. பாதுகாப்புக்காக ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கதவும் பூட்டியிருக்கும்.

மிச்சம் அந்தப் போன். வேறொரு போனில் கூகுள் கணக்கைத் திறந்து பூட்டுவதா, மொத்தமாக அழிப்பதா? முதலில் பூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் அப்புறம் அது இருக்கும் இடம் தெரியாது. ஆனால் தேடிக்கொண்டு நீங்களே கிளம்பாதீர்கள், இடத்தைப் போலீஸிடம் சொல்லுங்கள். சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில், திருடு போன போன்களை முடக்கும் சிஇஐஆர் பக்கம் உண்டு; அங்கே போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயை முடக்கினால் இந்திய நெட்வொர்க் எதிலும் அந்தப் போன் வேலை செய்யாது. அதற்குப் போலீஸ் புகாரின் நகல் வேண்டும், மாற்று சிம்முக்கு ஓடிபியும் வர வேண்டும். அதனால் அந்த 24 மணி நேரம் முடிந்த பிறகே அந்தப் பக்கத்தைத் திறங்கள். ஐஎம்இஐ எண் போன் வந்த பெட்டியிலும் பில்லிலும் இருக்கும்.