ரீசெட்டா, நியூஃபார்மா? சேமித்த பிறகு உள்ளீட்டுப் பெட்டிகளைக் காலி செய்யும் வழிகள்

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் வாயிலுக்கு, லாரி வரவைப் பதிய பவர் ஆப்ஸில் (அதிக நிரல் எழுதாமல் செயலி செய்ய உதவும் மைக்ரோசாஃப்ட் கருவி) செயலி செய்து கொடுத்தேன். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில், சேமித்த உடனே திரையில் விவரம் அடிக்கும் பெட்டிகள் காலியாக வேண்டும். அதற்கு மூன்று வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதல் வழி, பெட்டிக்கு ஒரு ரீசெட் கட்டளை. நான்கைந்து பெட்டிகள் என்றால் இதுவே போதும். புதிதாக ஒரு பெட்டி சேர்க்கும்போது அதற்குக் கட்டளை எழுத மறந்தால்தான் வினை. எனக்கு விடுபட்டது கன்டெய்னர் எண். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. தட்டச்சுப் பிழையை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் முந்தைய லாரியின் எண் அப்படியே நின்றுவிட்டால், அது சரியான எண்தானே! செயலி சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, பெட்டிகளின் ரீசெட் பண்பில் (அமைப்பில்) ஒரே மாறியை வைத்து, அதை ட்ரூ ஆக்கி உடனே ஃபால்ஸ் ஆக்குவது. ஃபால்ஸுக்குத் திருப்பாவிட்டால் அடுத்த முறை வேலை செய்யாது. கேலரிக்குள், அதாவது பதிவுகளை வரிசையாகக் காட்டும் பட்டியலுக்குள், இருக்கும் பெட்டியை வெளியிலிருந்து ரீசெட் கட்டளையால் தொட முடியாது. அங்கே இந்த மாறிதான் கைகொடுக்கிறது.

மூன்றாவது, எடிட் ஃபார்ம். ஒரு பதிவின் பெட்டிகளை எல்லாம் ஒன்றாக வைத்திருக்கும் படிவம் இது. என் ஓட்டு இதற்கே. ஆனால் பெயரைப் பார்த்து ரீசெட்ஃபார்ம் கட்டளையை எடுத்துவிடாதீர்கள். புதுப் பதிவு நிலையில் இருக்கும் படிவத்தை அது திருத்த நிலைக்குத் தள்ளிவிடும். எந்தப் பதிவைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐட்டம் பண்பில் பழைய லாரி இருந்தால் அதுவே திரையில் வந்து நிற்கும். அடுத்த லாரியின் விவரம் அதன்மேல் எழுதப்பட்டுவிடும். நியூஃபார்ம் கட்டளைதான் வெற்றுப் படிவம் தரும். அதையும் பட்டனில், சேமிக்கும் கட்டளையான சப்மிட்ஃபார்முக்கு அடுத்த வரியில் எழுதக்கூடாது. இணையம் அறுந்து சேமிப்பு தவறினாலும் அது படிவத்தைத் துடைத்துவிடும், ஊழியர் அடித்த அத்தனையும் போய்விடும். சேமிப்பு வெற்றியானால் மட்டும் இயங்கும், படிவத்தின் ஆன்சக்சஸ் பண்பில் எழுதினால், சேமிப்பு முடிந்த பிறகே காலியாகும்.

வாயில் எண்ணும் ஷிஃப்டும் காலியாகக் கூடாது. ஷிஃப்ட் தொடங்கும்போது அவற்றை மாறியில் வாங்கி, படிவத்தில் அந்தந்த விவரத்துக்கான கார்டின் டிஃபால்ட்டில் (தொடக்க மதிப்பில்) கொடுத்துவிட்டேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும்.