கேபினுக்கும் கேம்பர் ஷெல்லுக்கும் நடுவே எந்த ரப்பர்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பலர், பின்பெட்டியின் மேல் ஃபைபர் கிளாஸிலோ அலுமினியத்திலோ ஒரு மூடியை மாட்டிக்கொள்கிறார்கள். கேம்பர் ஷெல், டாப்பர், கேப் என்று ஊருக்கு ஒரு பெயர். மாட்டிய கையோடு வரும் கேள்வி ஒன்றுதான்: ஓட்டுநர் உட்காரும் கேபினின் பின்கண்ணாடிக்கும் ஷெல்லின் முன்கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் சில அங்குல இடைவெளியை எதை வைத்து அடைப்பது?

காற்றடிக்கும் டியூப், ஸ்பாஞ்ச் ரப்பர், மடிப்பு ரப்பர் என மூன்று வழிகள் உண்டு. நான்காவது, அடைக்காமலே விடுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணாடிகளையும் திறந்து நிஜமாகவே பயன்படுத்துகிறவருக்கு மடிப்பு ரப்பர். மற்ற எல்லோருக்கும் நான்காவது வழி.

ஏன் என்று புரிய வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ, டொயோட்டா டகோமா போன்றவற்றில் கேபினும் பின்பெட்டியும் ஒரே உடம்பு கிடையாது. இரண்டும் சேஸிஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ் இருக்கும்; பெட்டியை சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேஸிஸ் லேசாக முறுக்கிக்கொள்ளும். கேபின் ஒரு மாதிரி சாயும், பெட்டி வேறு மாதிரி சாயும். மண்பாதையில் மெதுவாகப் போகும் டிரக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்த இடைவெளி விரிவதும் சுருங்குவதும் கண்ணுக்கே தெரியும். ஹோண்டா ரிட்ஜ்லைன் போல ஒரே உடம்பாகக் கட்டிய வண்டியில் இந்த ஆட்டம் மிகக் குறைவு. மற்றவற்றில் நடுவே வைக்கும் பொருளும் சேர்ந்து ஆடியே ஆக வேண்டும்.

அதனால்தான் சிலிகோன், ஸ்ப்ரே ஃபோம் இரண்டையும் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு இறுகினால் ஒரு நாள் கிழியும், இல்லாவிட்டால் பெயின்ட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகோன் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும்; பெயின்ட் போன இரும்பில் பட்டால் துரு பிடிக்கும். சிலிகோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் சரியாக ஒட்டாது.

காற்றடிக்கும் டியூப் விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வரும் ரப்பர் வளையம் அது. காற்றில்லாமல் நடுவே நுழைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சம் அடித்தால் உப்பி இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கும். ஷெல்லை அடிக்கடி கழற்றுகிறவருக்கு இது வசதி. சிக்கல் குளிரில் வரும். மினசோட்டாவிலோ ஆல்பர்ட்டாவிலோ ராத்திரி வெப்பநிலை மைனஸுக்குப் போனால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காலையில் டியூப் தொளதொளத்துக் கிடக்கும். அரிசோனா வெயிலில் நேர்மாறு: உப்பி, வெளியே பிதுங்கும். அழுத்தத்தால் மட்டுமே நிற்கிற பொருள் இது. காற்று குறைந்ததும் கீழ்ப்பக்கம் வழுக்கி இறங்கும், மேல் மூலையில் இடுக்கு விழும், மழை வருவதும் அங்கேதான்.

ஸ்பாஞ்ச் ரப்பர் வாங்குவதானால் பார்க்க வேண்டியது ஒன்றே: அதன் துளைகள் மூடியவையா, திறந்தவையா. மெத்தைக்குப் போடும் நுரையைப் போலத் துளைகள் திறந்திருந்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் பெயின்ட்டை ஈரமாகவே வைத்திருக்கும். மூடிய துளை உள்ள இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் நல்லது. வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோல், கிரீஸ் பட்டால் மட்டும் ஊறிப்போகும். ஆனால் எந்த ஸ்பாஞ்சும் நெடுநாள் நசுங்கியே இருந்தால் பழைய தடிமனுக்குத் திரும்பாது. இடைவெளி விரியும் நேரத்தில் அது கூடவே விரியாது. சிறிய, ஒரே சீரான இடைவெளிக்குத்தான் இது சரிப்படும்.

மடிப்பு ரப்பர், ரயில் பெட்டிகளை இணைக்கும் நடைவழியில் இருக்கிற மடிப்புச் சுவர் மாதிரி. ஒரு ஓரம் ஷெல்லின் ஜன்னல் சட்டத்தில் உறுதியாகப் பிடித்திருக்கும், மறு ஓரம் கேபினில் ஒட்டாமல் அழுத்தி மட்டும் நிற்கும். ஆட்டம் வரும்போது மடிப்பு விரிந்து கொடுக்கும், சுருங்கியும் கொடுக்கும். காற்றை நம்பியோ ஸ்பாஞ்ச் மீள்வதை நம்பியோ இது இல்லை. விலை கூடுதல், அளவு தப்பினால் பயனில்லை. ஷெல்லின் முன்சுவரும் கேபினின் பின்சுவரும் இணையாக இருப்பதில்லை என்பதால் மேலே, நடுவே, கீழே என்று இரண்டு ஓரமும் அளந்து, அதிகமான அளவுக்கே வாங்க வேண்டும். கேபினில் அது உரசும் இடத்தில் முதலில் பெயின்ட்டைக் காக்கும் தெளிவான ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். நடுவே சேரும் தூசி உப்புத்தாள் வேலை செய்துவிடும்.

இனி நான்காவது வழி, அதாவது அடைக்காமலே விடுவது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, பேச வேண்டியதோ இதுதான். ரப்பர் போட்டுக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டால் கேபினும் ஷெல்லும் ஒரே அறை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகைபோக்கியின் புகை பின்கதவுப் பக்கமாகச் சுழன்று வரும். பின்கதவைச் சுற்றி இடுக்கு இருந்தால் அந்தப் புகை ஷெல்லுக்குள் புகுந்து, அங்கிருந்து உங்கள் மூக்குக்கு வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பிக்கப்பின் பின்பெட்டியில் உட்கார்ந்து வந்து இந்த விஷவாயுவால் பாதிக்கப்பட்ட 20 குழந்தைகளைப் பற்றி சியாட்டில் மருத்துவர்கள் 1992-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் 17 பேர் மூடிய ஷெல்லுக்குள் இருந்தவர்கள்.

எனவே பின்கதவின் நாலு பக்கமும் ரப்பர் பீடிங் போட்டு அடைத்த பிறகுதான் முன்பக்க ரப்பரைப் பற்றியே யோசிக்க வேண்டும். கேபினில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும். எத்தனை அடைத்தாலும், ஓடும் வண்டியில் ஷெல்லுக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

சாமான் ஏற்றவும் வண்டி நின்ற பிறகு உள்ளே படுக்கவும் மட்டுமே ஷெல் என்றால் நடுவே ரப்பர் எதற்கு? இரண்டு கண்ணாடியையும் மூடிவிடுங்கள், இடைவெளி வழியே மழை கீழே இறங்கிப் போகட்டும். அந்தப் பணத்தில் ஷெல் உட்காரும் பெட்டி விளிம்புக்கு நல்ல மூடிய துளை ஃபோம் டேப் வாங்கலாம். பெட்டிக்குள் தண்ணீர் பெரும்பாலும் புகுவது இந்த விளிம்பில்தான், அதிலும் முன் மூலைகளில்.

எதை வாங்கும் முன்பும், தண்ணீர் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் ஹோஸால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக நனைக்க வேண்டும். கேபினுக்குள் கூரைத் துணியோ பின்சீட்டோ நனைந்தால் முதலில் கேபின் உச்சியில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் கேஸ்கெட் காய்ந்து ஒழுகுவது பல பிக்கப்களில் சகஜம். அதை மாற்றினால் ஒழுகல் அங்கேயே நின்றுவிடும்.